கிட்ஹப் கட்டம் பச்சையானால் வேலை கிடைத்துவிடுமா?

பாளையங்கோட்டையிலோ தென்காசிப் பக்கமோ இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்போது வரும் வேலை விண்ணப்பங்களில், மதிப்பெண்ணும் அரியரும் கேட்கும் இடத்துக்குக் கீழே இன்னும் மூன்று இடங்கள் இருக்கின்றன. எழுதிய நிரலை வைத்துக்கொள்ளும் தளமான கிட்ஹபின் லிங்க், வேலை சார்ந்த அறிமுகத் தளமான லிங்க்ட்இனின் லிங்க், நிரல் எழுதிப் பழகும் தளமான லீட்கோடில் எத்தனை புதிர்களுக்கு விடை போட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் வைத்துத்தான் குழப்பமெல்லாம். சீனியர் ஒருவர் "தினமும் ஒரு கமிட் போட்டுரு, கட்டம் காலியா இருக்கக் கூடாது" என்கிறார். நிரலில் செய்த மாற்றத்தைப் பதிவதுதான் கமிட், பதிந்த நாளுக்கான கட்டம் கிட்ஹப் பக்கத்தில் பச்சையாகும். சென்னையில் ஆறு வருடமாக வேலை பார்க்கும் அக்கா "என் கிட்ஹப் காலியாத்தான் கிடக்கு, அதனால எனக்கு ஒண்ணும் குறைஞ்சுபோகலையே" என்கிறார். கல்லூரி பிளேஸ்மென்ட் பிரிவோ மூன்றையும் நிரப்பினால்தான் பெயரை அனுப்புவோம் என்கிறது.

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எது எவ்வளவு உண்மை என்று தெரிய, இந்தப் புரொஃபைல்கள் உள்ளே எப்படி இயங்குகின்றன என்று பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எண்ணிக்கையைக் கூட்டச் செலவாகும் மாதங்கள் பெரும்பாலும் வீண். நீங்கள் செய்த ஒரு வேலையை, அந்த வேலை தெரிந்த ஒருவர் கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, கடைசியில் ஏற்றுக்கொண்ட தடயம் ஒன்று இருந்தால் அதற்குத்தான் எடை.

ஒரு பக்கத்தில் மூன்று வகைச் சாட்சி

எந்தத் தளத்துப் புரொஃபைலைத் திறந்தாலும் அதில் மூன்று விதமான தகவல்கள் கலந்து கிடக்கின்றன. கலந்து கிடப்பதால்தான் ஏமாற்றமும் வருகிறது, ஏமாற்றுவதும் நடக்கிறது.

1. நீங்களே சொல்வது. "பைத்தான் நன்றாகத் தெரியும்", "ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்" என்பவை. லிங்க்ட்இனில் பெரும்பகுதி இதுதான். யாரும் சரிபார்ப்பதில்லை.

2. எந்திரம் எண்ணுவது. கிட்ஹபின் பச்சைக் கட்டங்கள், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் புள்ளிகள், லீட்கோடின் புதிர் எண்ணிக்கை. எண்ணுவதால் உண்மை போலத் தெரியும். ஆனால் எந்திரத்துக்கு எண்ணத்தான் தெரியும், தரம் பார்க்கத் தெரியாது.

3. பிறர் ஏற்றுக்கொண்டது. உங்கள் நிரலைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்ட பராமரிப்பாளர், நீங்கள் கண்டுபிடித்த பிழையை ஒப்புக்கொண்டவர், கூட வேலை பார்த்துப் பெயர் போட்டுப் பரிந்துரை எழுதியவர். இங்கே இன்னொருவர் தன் பெயரையும் பணயம் வைக்கிறார்.

லிங்க்ட்இனில் 2012இல் வந்த 'எண்டார்ஸ்மென்ட்', அதாவது இவருக்கு இந்தத் திறன் உண்டு என்று இன்னொருவர் ஆமோதிப்பது, மூன்றாவது வகைபோலத் தோன்றும், ஆனால் அதன் எடை முதல் வகைக்குத்தான் சமம். ஒரு கிளிக்கில் முடிந்துவிடும். நீ எனக்கு ஜாவா கொடு, நான் உனக்குப் பைத்தான் கொடுக்கிறேன் என்று விடுதி அறையில் உட்கார்ந்தே முடித்துவிடலாம்.

பச்சைக் கட்டம் எப்படிப் பச்சையாகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். அதிகம் பயமுறுத்துவது இதுதான்.

'கிட்' என்பது நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதிந்துவைக்கும் மென்பொருள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. ஒவ்வொரு பதிவுக்கும் 'கமிட்' என்று பெயர். 'கிட்ஹப்' அந்தப் பதிவேடுகளை இணையத்தில் வைத்துக்கொள்ள 2008இல் வந்த தளம். 2018இல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. புரொஃபைலில் ஒரு வருடத்து நாட்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்து, வேலை நடந்த நாளைப் பச்சையாக்கும் வரைபடம் 2013இல் வந்தது.

ஒரு கமிட்டுக்குள் எழுதியவர் பெயர், மின்னஞ்சல், தேதி மூன்றும் இருக்கும். மூன்றையும் கொடுப்பது உங்கள் சொந்தக் கணினி. பெயர் என்ன போட வேண்டும் என்று கிட்டிடம் நீங்கள் சொல்கிறீர்கள், அது அப்படியே எழுதிக்கொள்கிறது. அடையாள அட்டை கேட்பதில்லை. தேதியும் அப்படித்தான். போன வருடம் ஆடி மாதம் எழுதியதாக இன்றைக்கு ஒரு கமிட் போடலாம். ஒரே ராத்திரியில் ஒரு வருடக் கட்டங்களை நிரப்பித் தரும் சின்ன நிரல்கள் பல வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கின்றன. கட்டங்களில் எழுத்து வரைந்து தருபவையும் உண்டு.

இது பொய்யாகப் பச்சையாகும் வழி. உண்மையான வேலை பச்சையாகாமல் போவதற்கும் வழிகள் உண்டு:

1. கமிட்டில் இருக்கும் மின்னஞ்சல் உங்கள் கிட்ஹப் கணக்கோடு இணைந்ததாக இருக்க வேண்டும். புது லேப்டாப்பில் வேறு மின்னஞ்சல் அமைந்துவிட்டால் மாதக்கணக்கில் வேலை பார்த்தும் கட்டம் வெள்ளையாகவே கிடக்கும்.

2. கமிட் அந்த ரெப்போவின், அதாவது ஒரு திட்டத்தின் பதிவேட்டின், முதன்மைக் கிளைக்கு வந்து சேர வேண்டும். பக்கக் கிளையில் கிடந்தால் கணக்கில் வராது.

3. வேறொருவர் ரெப்போவை 'ஃபோர்க்' செய்து, அதாவது உங்கள் கணக்குக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலுக்குள்ளேயே வேலை பார்த்தால் அதுவும் கணக்கில் வராது. மூலத் திட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு.

4. கம்பெனியின் மூடிய ரெப்போக்களில் செய்யும் வேலை, நீங்களே அமைப்பில் போய்க் காட்டச் சொன்னால்தான் தெரியும். கம்பெனி கிட்ஹபில் இல்லாமல் தன் சொந்தச் சர்வரில் கிட்ஹப் போன்ற கிட்லேப் மென்பொருளை வைத்திருந்தால் அதற்கும் வழியில்லை.

சென்னையில் இருக்கும் அந்த அக்காவின் கட்டங்கள் காலியாக இருப்பதற்குக் காரணம் இந்த நான்காவது. ஆறு வருடமும் அவர் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார், கிட்ஹப் கண்ணுக்கு மட்டும் அது தெரியவில்லை.

இந்த வரைபடத்துக்குப் பக்கத்தில் முன்பு 'தொடர்ந்து இத்தனை நாள்' என்று ஒரு எண்ணும் இருந்தது. 2016இல் கிட்ஹப் அதை எடுத்துவிட்டது. அதைக் காப்பாற்றுவதற்காகவே ஞாயிற்றுக்கிழமையிலும் காய்ச்சலிலும் ஏதாவது ஒரு வரியை மாற்றிக் கமிட் போடும் பழக்கம் பலருக்கும் வந்திருந்தது. இங்கே இன்னமும் தினம் ஒரு கமிட் என்று பிள்ளைகளை விரட்டுவதைப் பார்க்கையில் மனசு கஷ்டமாக இருக்கிறது. தளமே கைவிட்ட கணக்கு அது.

கமிட் உண்மையிலேயே உங்களுடையதுதான் என்று நிரூபிக்க முறையான வழி ஒன்று உண்டு. உங்களிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் கமிட்டில் கையொப்பம் இடலாம். அப்படி இட்டால் கிட்ஹப் அதன் பக்கத்தில் 'வெரிஃபைட்' என்று காட்டும். தேதிக்கும் தரத்துக்கும் அது உத்தரவாதம் இல்லை. ஆளுக்கு மட்டும்தான்.

புள்ளி, ஸ்டார், ரேட்டிங்

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008இல் தொடங்கிய கேள்வி-பதில் தளம். உங்கள் பதிலை ஒருவர் நல்லது என்று வாக்களித்தால் 10 புள்ளி, கேட்டவரே அதை ஏற்றுக்கொண்டால் 15, மோசம் என்று ஒருவர் வாக்களித்தால் 2 குறையும். வாக்குகளால் ஒரு நாளில் 200 புள்ளிக்கு மேல் ஏறாது. ஒரு காலத்தில் இது நல்ல அளவுகோல். கண்காணாத ஆட்கள் கறாராகத் திருத்துவார்கள். ஆனால் பழைய அடிப்படைக் கேள்விக்கு 2009இல் நாலு வரி பதில் எழுதியவருக்கு இன்றும் புள்ளி சேர்ந்துகொண்டிருக்கும், நேற்று ஒரு கடினமான சிக்கலை அவிழ்த்தவருக்கு இரண்டு வாக்குதான் விழும். 2022இல் அந்தத் தளம் தன் வேலைவாய்ப்புப் பிரிவை மூடியது. அதே ஆண்டு டிசம்பரில், சாட்ஜிபிடி வந்த சில நாட்களுக்குள், ஏ.ஐ. எழுதிய பதில்களைத் தடை செய்தது. பார்க்க நன்றாக இருந்து உள்ளே தவறாக இருக்கும் பதில்கள் வெள்ளமாக வந்ததே காரணம்.

ஒரு ரெப்போ பிடித்தவர்கள் அதற்குப் போடும் கிட்ஹப் ஸ்டார் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, விலைக்கு வாங்கலாம். 2024 டிசம்பரில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வேறு சிலரும் வெளியிட்ட ஆய்வு, போலி என்று சந்தேகிக்கத்தக்க ஸ்டார்கள் 45 லட்சம் என்று கணக்கிட்டது.

கோட்ஃபோர்சஸ் போன்ற போட்டித் தளங்களின் ரேட்டிங் கொஞ்சம் வேறு ரகம். செஸ் ரேட்டிங்போல, குறித்த நேரத்தில் மற்றவர்களோடு போட்டியிட்டு ஏறுவது, தோற்றால் இறங்கவும் செய்வது. அல்காரிதம் தெரியும் என்பதற்கு அது ஓரளவு நல்ல சாட்சி. ஆனால் அடுத்தவர் எழுதிய இருபதாயிரம் வரியைப் படித்துப் பிழை கண்டுபிடிக்கத் தெரியுமா என்பதை அது சொல்லாது, வேலையில் பாதி நாள் அதுதான் என்றாலும்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட வேலை எப்படி இருக்கும்

இப்போது மூன்றாவது வகைக்கு வருவோம். ஒரு எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ரசீது அச்சிடும் திறந்தமூல நிரல், அதாவது யாரும் படித்துத் திருத்தம் அனுப்பக்கூடிய நிரல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைப் பெயர் நீளமாக இருந்தால் குறிப்பிட்ட எழுத்தோடு வெட்டிவிடும். ஆங்கிலத்தில் சரியாக வெட்டுகிறது. தமிழில் வெட்டினால் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் விழுகிறது. காரணம் இது: 'நெல்லை' என்பதில் நமக்கு எழுத்து மூன்று. நெ, ல், லை. ஆனால் கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் அது ந, எகரக் கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக் கொம்பு என்று ஆறு குறிகள். பைத்தானில் அதன் நீளம் கேட்டால் 6 என்றுதான் பதில் வரும். நான்காவது குறியோடு வெட்டினால் 'நெல்' என்று தப்பித்துக்கொள்ளும், ஐந்தாவதோடு வெட்டினால் 'நெல்ல' என்று வார்த்தையே வேறாகிவிடும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு மாணவி இதைக் கவனித்துச் சரிசெய்து அனுப்புகிறாள். இப்படி 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்புவதற்குப் பெயர் 'புல் ரிக்வஸ்ட்'. பராமரிப்பாளர் உடனே சேர்த்துவிட மாட்டார். "இதைச் சரிபார்க்கும் சோதனை நிரல் எழுதினாயா?" என்பார். எழுதி அனுப்புவாள். "ஸ்ரீ வந்தால்?" என்பார். பார்க்க ஒரே எழுத்து, உள்ளே நான்கு குறிகள். அதைச் சரிசெய்வாள். அப்புறம்தான் தெரியும், அதே ஸ்ரீயை 'ஸ' வைத்தும் எழுதலாம், பின்னால் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' வைத்தும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்று. அவள் இதைக் கண்டுபிடித்து, "இரண்டையும் சேர்த்துவிட்டேன், ஆனால் க்ஷ-வை ஒன்றாக எடுப்பதா இரண்டாக எடுப்பதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்" என்று எழுதுகிறாள். மூன்று வாரம் கழித்து மாற்றம் சேர்கிறது. மொத்தம் நாற்பது வரி.

கட்டக் கணக்கில் இது நாலைந்து பச்சைக்கு மேல் தேறாது. ஆனால் நேர்காணல் எடுக்கும் ஒரு டெவலப்பர் அந்த உரையாடலைப் பத்து நிமிடம் படித்தால் தெரிந்துகொள்வது என்னென்ன என்று பாருங்கள். பிழையின் வேர் வரை போகிறாள். குறை சொன்னால் சுணங்குவதில்லை. கேட்காத சிக்கலையும் தானே தேடுகிறாள். தனக்கு முடிவெடுக்க உரிமை இல்லாத இடம் எது என்று தெரிகிறது. ஒரு மணி நேர நேர்காணலில்கூட இவ்வளவும் வெளியே வராது.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இந்தப் பழக்கத்துக்கு எழுத்து வடிவமே உண்டு. ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் யார் எழுதியது, யார் சரிபார்த்தது, யார் சோதித்தது என்று பெயரோடு வரிகள் இருக்கும். அனுப்புபவர் கையொப்பமிடும் வரி 2004இல் வந்தது. சரிபார்த்தவர் பெயரும் அங்கே நிலைத்துவிடுவதால், பின்னால் பிழை வந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டிவரும். எடை அங்கிருந்துதான் வருகிறது.

எண்ணிக்கைக்கு ஓடியதால் வந்த கெட்ட பெயர்

டிஜிட்டல்ஓஷன் என்ற நிறுவனம் 2014 முதல் அக்டோபர் மாதந்தோறும் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' நடத்திவந்தது. நான்கு புல் ரிக்வஸ்ட் போட்டால் டி-ஷர்ட். 2020இல் பராமரிப்பாளர்களின் பக்கங்களில் வெள்ளம் வந்தது. முகப்புக் குறிப்பில் ஒரு அடைமொழி சேர்ப்பது, ஒரு காற்புள்ளி மாற்றுவது என்று ஆயிரக்கணக்கில். மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே விதியை மாற்றி, தாமாக விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. 2024 தொடக்கத்தில் இணையதளச் சர்வர் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் என்ற பிரபலமான திட்டத்துக்கும் இதே கதி. ஒரு பாடக் காணொளியைப் பார்த்துவிட்டு, முகப்புக் குறிப்பில் தங்கள் பெயரைச் சேர்த்துப் பயிற்சி பார்த்தவர்களின் ரிக்வஸ்ட்கள் வந்து குவிந்தன.

இரண்டிலும் இந்திய மாணவர்கள் நிறையவே இருந்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, எண்ணிக்கைதான் வேலை வாங்கித் தரும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் விளைவை அனுபவிப்பது அம்பாசமுத்திரத்து மாணவிபோன்றவர்கள். புதுக் கணக்கு, இந்தியப் பெயர், முதல் ரிக்வஸ்ட் என்றாலே சலித்துப்போன பராமரிப்பாளர் திறக்காமலே மூடிவிடும் நிலை வந்துவிட்டது. ஏ.ஐ. எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்புவோர் பெருகிய பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. ஒருவர் செய்யும் காரியத்துக்கு ஊரே பெயர் கெடுவது நமக்குப் புதிதில்லை, இங்கே ஊர் என்பது ஒரு நாட்டளவுக்கு விரிந்துவிட்டது.

ஏற்றுக்கொண்டதும் பொய்யாகலாம்

மூன்றாவது வகைச் சாட்சி மட்டும் அப்பழுக்கற்றது என்று நினைத்துவிடக் கூடாது. 2024 மார்ச் 29ஆம் தேதி உலகம் முழுக்க லினக்ஸ் ஆட்களைத் தூக்கமிழக்க வைத்த செய்தி ஒன்று வந்தது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்இசட்' என்ற கருவிக்குள் யாரோ கள்ளவாசல் வைத்திருந்தார்கள். வைத்தவர் 'ஜியா டான்' என்ற பெயரில் 2021 முதல் அந்தத் திட்டத்துக்கு ஒழுங்காக உதவிவந்தவர். நல்ல மாற்றங்கள் அனுப்பினார், பொறுமையாகப் பேசினார். இன்னொரு பக்கம், முன்பின் தெரியாத சில கணக்குகள் பழைய பராமரிப்பாளரை "வேலை தாமதமாகிறது, ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று நெருக்கின. தனி ஆளாகத் திட்டத்தைச் சுமந்து களைத்திருந்த அவர் கடைசியில் ஜியா டானுக்குச் சாவியைக் கொடுத்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று இன்றுவரை வெளியே வரவில்லை.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர். தூரத்துக் கணினிக்குள் எஸ்.எஸ்.எச். வழியாக நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று விடாமல் துழாவியதில் அகப்பட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் கட்டிய நற்பெயர் முழுவதும் ஒரு வேடம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, மூன்றாவது வகையைப் போலியாக்கவும் முடியும், ஆனால் அதற்கு இரண்டு வருட உண்மையான உழைப்பு தேவைப்பட்டது என்பதை. பச்சைக் கட்டத்துக்கு ஒரு ராத்திரி போதும். சாட்சியின் மதிப்பை, அதைப் பொய்யாகச் செய்ய எவ்வளவு செலவாகும் என்று வைத்து அளக்கலாம்.

திருநெல்வேலியிலிருந்து பார்க்கும்போது

பத்தமடைப் பட்டுப்பாயை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, நார் நாராகக் கிழித்து, துணிபோல மடிக்கிற அளவு மென்மையாக நெய்வார்கள். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரைச் சேர்த்தே நெய்வது வழக்கம். நெய்தவர் பெயர் பாயில் இருக்காது. ஊருக்குள் அது தேவையும் இல்லை. தொட்டுப் பார்த்தால் எந்த வீட்டுக் கை என்று சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே உண்டு. ஊரைவிட்டு வெளியே போகும்போதுதான் சிக்கல். தொட்டுப் பார்க்கத் தெரியாதவருக்கு எது கையால் நெய்தது, எது மெஷின் பாய் என்று தெரியாது. 2013இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கியது அதற்குத்தான்.

மென்பொருள் வேலையிலும் இதே தூரம்தான் பிரச்சினை. சென்னையிலோ பெங்களூரிலோ படித்த பிள்ளைக்கு மாமா ஒருவர், சீனியர் ஒருவர் ஏதாவது கம்பெனியில் இருப்பார். ரெஃபரல் கிடைக்கும். இங்கே "அந்தக் கம்பெனியில நம்ம ஆள் யாரும் இருக்காங்களா அண்ணாச்சி?" என்று கேட்டுத் திரிய வேண்டியிருக்கிறது. கங்கைகொண்டானில் அரசின் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் கம்பெனி இருக்கிறது, பட்டம் இல்லாமலே பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கும் அதன் பள்ளியும் இந்தப் பக்கம் உண்டு. ஆனால் மாவட்டத்தில் படித்து முடிக்கும் எல்லோருக்கும் அவை போதாது. 'நம்ம ஆள்' இல்லாதவருக்கு அந்த இடத்தில் நிற்கக் கூடியது, முன்பின் தெரியாத ஒரு பராமரிப்பாளர் ஏற்றுக்கொண்ட வேலை. அதனால்தான் இங்குள்ள பிள்ளைகள் கட்டங்களை நிரப்பி நேரத்தைக் கரைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் மூன்றாவது வகை அதிகம் தேவை.

ஆனால் ஆள் எடுக்கும் எந்தப் படியில் எதை யார் பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்:

1. முதல் வடிகட்டலில் மனிதர் குறைவு. வேலைவாய்ப்புத் தளமான நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் வேலைக்கு ஆள் தேடுபவர் சொற்களைப் போட்டுத் தேடுகிறார். 'ஸ்பிரிங் பூட்' என்று ஒரு ஜாவா கருவியின் பெயரைத் தேடும்போது உங்கள் பக்கத்தில் அந்தச் சொல் இல்லை என்றால் நீங்கள் இல்லை. இங்கே முதல் வகைச் சாட்சியே போதும், ஆனால் உண்மையாக இருக்க வேண்டும்.

2. எச்.ஆர். கிட்ஹபைத் திறந்தால் மேலோட்டமாகத்தான் பார்ப்பார். கட்டங்கள் ஓரளவு உதவுவது இங்கே மட்டும்.

3. தொழில்நுட்ப நேர்காணல் எடுப்பவர் திறந்தால் ஏதாவது ஒரு ரெப்போவுக்குள் போவார். பாடக் காணொளியைப் பார்த்து அப்படியே அடித்த முப்பது ரெப்போ இருந்தால், அதில் ஒன்றைத் திறந்து "இந்த வரி எதுக்கு?" என்பார். சொல்லத் தெரியாவிட்டால் முப்பதும் உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும்.

4. கடைசியில் வரும் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன். வருங்கால வைப்புநிதியின் 12 இலக்க யு.ஏ.என். எண்ணில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பது பதிவாகி இருக்கும். லிங்க்ட்இனில் இரண்டு வருடம் என்று போட்டு, வைப்புநிதியில் பதினான்கு மாதம் என்று இருந்தால், ஆஃபர் கைக்கு வந்த பிறகும் போய்விடலாம். லிங்க்ட்இன் தேதியையும் ரிலீவிங் லெட்டர் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

காலிப் புரொஃபைல் என்றால் வேலை தெரியாதவர் என்றில்லை

கம்பெனி ரகசிய ஒப்பந்தத்துக்குள் வேலை பார்ப்பவர்கள் காட்ட ஒன்றுமில்லாமல் இருப்பதை மேலே பார்த்தோம். ராத்திரி உட்கார்ந்து திறந்தமூலத்துக்கு வேலை பார்க்க நேரம் யாருக்கு இருக்கிறது என்பதும் கேள்வி. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்த நேரம் யாருக்குக் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெண்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. கிட்ஹபில் புல் ரிக்வஸ்ட் ஏற்கப்படும் விகிதத்தை ஆராய்ந்து 2016இல் முன்வரைவாகவும் 2017இல் முறையாகவும் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, மொத்தத்தில் பெண்கள் அனுப்பியவை ஆண்களுடையதைவிட அதிகமாகவே ஏற்கப்பட்டதைக் கண்டது. ஆனால் திட்டத்துக்குப் புதியவராக இருந்து, புரொஃபைலைப் பார்த்தால் பெண் என்று தெரியும்படி இருந்தால், ஏற்கும் விகிதம் ஆண்களைவிடக் கீழே இறங்கியது. படம் போடாமல், முதலெழுத்தை மட்டும் பெயராக வைத்துக்கொள்ளும் பெண்களை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், காலிப் பக்கத்தைப் பார்த்ததும் ஒதுக்காமல், "நீங்கள் செய்ததில் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று நேரில் கேட்டுவிட்டாலே போதும்.

வெளியே தெரியக் கூடாதவை

அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யு.எஸ்.ஸின் கடவுச்சாவியையோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டையோ தெரியாமல் பொது ரெப்போவில் ஏற்றிவிடுவது மாணவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. அடுத்த கமிட்டில் அந்தக் கோப்பை அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும், கிட் வரலாற்றை மறக்காது. இதைத் தேடி எடுப்பதற்கென்றே எந்திரங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அழிப்பதற்கு முன்னால் அந்தச் சாவியை ரத்து செய்யுங்கள்.

கமிட்டில் இருக்கும் மின்னஞ்சலும் பொதுவானதுதான். கமிட் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சிறு ஒட்டு சேர்த்தால் யாரும் பார்த்துவிடலாம். கிட்ஹப் அமைப்பில் 'மின்னஞ்சலை மறை' என்பதைத் தேர்ந்தால் அது கொடுக்கும் மாற்று முகவரியைக் கணினியில் அமைத்துக்கொள்ளலாம்.

தளங்கள் தாங்களாகவே தகவலைத் திறந்துவிடும் அபாயமும் உண்டு. டெவலப்பர்களுக்குத் திறன் தேர்வு வைத்து வேலைக்கு அனுப்பிவந்த ட்ரிப்பிள்பைட் என்ற அமெரிக்க நிறுவனம், 2020 மே மாதம் எல்லோருடைய புரொஃபைலையும் பொதுவாக்கப் போவதாகவும், வேண்டாம் என்பவர்கள் தாமே விலக்கிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தது. வேலையில் இருந்துகொண்டே ரகசியமாக அங்கே தேர்வு எழுதியவர்கள் கொதித்துப்போனார்கள், தான் வேறு வேலை தேடுவது இப்போதைய முதலாளிக்குத் தெரிந்துவிடுமே என்று. சில நாட்களில் தலைவர் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டார்.

இன்னொன்று, கடைசி வருடத்தில் இருப்பவர்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது. உங்கள் கிட்ஹப் கணக்கைக் கல்லூரி மின்னஞ்சலில் திறந்திருந்தால், படிப்பு முடிந்து கல்லூரி அந்த முகவரியை மூடும் நாளில் பாஸ்வேர்டை மீட்க வழி இருக்காது. சொந்த மின்னஞ்சலைச் சேர்த்து அதை முதன்மையாக்குங்கள். பழைய கல்லூரி முகவரியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் அந்த முகவரியில் நான்கு வருடமாகப் போட்ட கமிட்டெல்லாம் உங்கள் பெயரோடு ஒட்டாமல் போய்விடும்.